இருளுக்கு அஞ்சிய சிறுவன்

சென்ற நவராத்திரி விழாவின்போது எமது ஆலய மண்டபத்தில் தேவாரம் பாட வந்த சின்னஞ்சிறுவன் ஒருவன், ஒலிவாங்கியின் முன் நாவெழாது நின்றுவிட்டு அழுதுகொண்டே தாயாரிடம் ஓடிவிட்டான். சபையில் இருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். அன்றிரவு படுக்கைக்குச் சென்றபோது அந்தச் சிரிப்பு என் மனதை உறுத்தியது. அவனைப் போலவே அஞ்சி நடுங்கிய இன்னொரு பிள்ளையின் சரிதத்தை இம்மலரில் எழுத எண்ணியது அதனாலேயே.

அப்பிள்ளை வேறு யாருமல்லர், மகாத்மா காந்தி அடிகளே. 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ் சிறுவயதில் பேய், பாம்பு, கள்வர் என எல்லாவற்றுக்கும் பயந்தார். இருட்டில் வெளியே கால் வைக்கமாட்டார்; விளக்கு எரியாத அறையில் உறங்கமாட்டார். பாடசாலை விட்டதும் யாராவது பேச்சுக் கொடுத்துக் கேலி செய்வார்களோ என்று அஞ்சி வீட்டுக்கு ஓடிவிடுவார். 13 வயதில் அவருக்கு விவாகமாயிற்று. மனைவி கஸ்தூரிபாயோ இருட்டுக்கு அஞ்சாதவர். அதைக் கண்டு அவர் உள்ளூர நாணினார்.

அந்த வீட்டில் ரம்பா என்றொரு பணிப்பெண் இருந்தார். பிள்ளை பயப்படுவதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை. பயம் வரும்போதெல்லாம் இராம நாமத்தைச் சொல் என்று அன்போடு கற்பித்தார். அந்த மருந்தைவிட மருந்து தந்தவர் மீதே சிறுவனுக்கு நம்பிக்கை அதிகம். அதனால் சொல்லத் தொடங்கினார். அந்தப் பழக்கம் சில காலமே நீடித்தது. ஆயினும் விதைத்த விதை வீண்போகவில்லை.

விதை ஒரே நாளில் மரமாவதில்லை. இங்கிலாந்தில் சட்டம் பயின்று 1891இல் நாடு திரும்பிய அவர், பம்பாய் நீதிமன்றத்தில் தமது முதல் வழக்கில் எழுந்து நின்றபோது தலை சுற்றியது. ஒரு கேள்விகூடக் கேட்க இயலாமல் உட்கார்ந்து, வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். எமது மண்டபத்துப் பிள்ளைக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது.

1893இல் தென்னாபிரிக்கா சென்றார். அவ்வாண்டு யூன் 7ஆம் திகதி இரவு, முதல் வகுப்புப் பயணச்சீட்டு இருந்தும், வெள்ளையர் அல்லர் என்பதற்காகப் பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்தில் புகையிரதத்திலிருந்து தள்ளப்பட்டார். கடுங்குளிர், அறையில் விளக்கும் இல்லை. குளிருக்குப் போடும் மேலங்கி அதிகாரிகள் எடுத்து வைத்திருந்த பொதியில் இருந்தது. மீண்டும் அவமதிப்பார்களே என்று அஞ்சி அதைக் கேட்கவும் அவர் துணியவில்லை. இருளுக்கு அஞ்சிய பிள்ளை அந்த இருளில் நடுங்கியபடி இருந்தே, ஊருக்குத் திரும்பி ஓடுவதில்லை, நின்று போராடுவது என்று முடிவெடுத்தார். பயம் முற்றாகப் போன பின்னர் எடுத்த முடிவன்று அது.

1897 ஜனவரியில் டர்பன் நகரில் வெள்ளையர் கூட்டம் அவரைத் தாக்கியது. தாக்கியவர்கள் மீது வழக்குத் தொடரவும் அவர் சம்மதிக்கவில்லை. 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்திலும் பெருங்கூட்டங்களில் பேசினார். 1930இல், 60 வயதில், உப்புக்காகத் தண்டிக் கடற்கரைவரை 24 நாட்கள் நடந்தார். இனக்கலவரத்தால் சிதைந்த நவகாளியில் 1947இன் தொடக்கத்தில், 77 வயதில், வெறுங்காலுடன் கிராமம் கிராமமாகச் சென்று அஞ்சிக் கிடந்த மக்களுக்குத் தைரியம் சொன்னார். 1948 ஜனவரி 30ஆம் திகதி சுடப்பட்டு மறையும்வரை இராம நாமத்தை அவர் கைவிடவில்லை.

அன்பார்ந்த அடியார்களே, எமது வன்னி மண்ணில் யுத்த காலத்தில் செல்லுக்கு அஞ்சிப் பதுங்குகுழியில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று பெற்றோராக உள்ளனர். அச்சம் இன்னதென்று அவர்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஆகவே பயப்படும் பிள்ளையைப் பார்த்து நாம் சிரிக்கலாகாது. ரம்பாவைப் போல அருகிருந்து இறைவன் நாமத்தைச் சொல்லிக் கொடுப்போம். பலன் வர இருபது வருடம் ஆகலாம், ஆகட்டும்.

வரும் நவராத்திரிக்கு அந்தப் பிள்ளை மறுபடியும் பாட வரவேண்டும். நா எழாவிட்டால் நானும் எழுந்து அருகில் நின்று கூடப் பாடுவேன். அதற்கு எம்பெருமான் திருவருள் துணை நிற்குமாக.