மாலுமி இப்னு மாஜித்

அரபுக் கடலோடி அஹ்மத் இப்னு மாஜித் 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமாவில் இருந்த ஜுல்ஃபார் துறையில் பிறந்தார். தந்தையும் பாட்டனாரும் கப்பலுக்கு வழிகாட்டிய முஅல்லிம்கள். முஅல்லிம் என்றால் அரபியில் ஆசிரியர். அச்சொல்லே தமிழில் மாலுமி, மலாயில் மாலிம்.

துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை இஸ்பா, அதாவது எத்தனை விரல் உயரம் என்று அளந்து அவர்கள் துறையை அறிந்தார்கள். கப்பல் புறப்படும் காற்றுப் பருவம் மவ்சிம், மலாயில் மூசிம். தலைமுறைகளாக வந்த இந்த அறிவைத் தம்மோடு முடித்துவிடாமல், 1490 வாக்கில் 'கிதாபுல் ஃபவாயித்' என்னும் நூலாக்கித் தந்தார்.

வாஸ்கோடகாமாவுக்கு இந்தியாவுக்கு வழிகாட்டியவர் இவரே என்ற பழி நெடுங்காலம் இருந்தது. 1498இல் மாலிந்தியில் ஏறிய வழிகாட்டி குஜராத்தி என்று போர்த்துக்கீசிய வரலாறுகள் கூறுவதால், ஆய்வாளர் பலர் அதை ஏற்பதில்லை.

மாலுமி என்னும்போது நம் பிள்ளைகள் இந்த ஆசிரியரை நினைக்கட்டும்.