ஒரு வாரம் தவணை கொடுத்த பிரசங்கியார்

டி.எல். மூடி 1856-ல் சிகாகோ பட்டணத்துக்கு வந்தது ஊழியம் செய்ய அல்ல, செருப்பு விற்க! நாலு வயதிலே தகப்பனை இழந்தவர், படிப்பும் கொஞ்சம்தான். ஆனாலும் ஏழைப் பிள்ளைகளைத் தெருத்தெருவாய்ச் சேர்த்து ஓய்வுநாள் பள்ளி நடத்தினார். 1860-ல் ஆபிரகாம் லிங்கனே வந்து பார்த்த பள்ளி அது.

பிரியமானவர்களே, 1871 அக்டோபர் 8, ஞாயிறு இராத்திரி நடந்ததைக் கேளுங்க. இயேசுவை ஏற்றுக்கொள்வதா தள்ளுவதா என்று யோசித்து முடிவுசெய்ய ஜனங்களுக்கு ஒரு வாரம் தவணை கொடுத்துட்டார் மூடி. சாங்கி பாடிக்கொண்டிருக்கும்போதே தீ மணி அடித்தது. பட்டணமே பற்றிக்கொண்டது! சுமார் 300 பேர் மாண்டார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். மூடியின் வீடு, சபை, கூட்டம் நடந்த மண்டபம் எல்லாம் சாம்பல். அந்தக் கூட்டத்தாரை அவர் மறுபடி ஒன்றாய்ப் பார்க்கவே இல்லை. அந்தத் தவணை சாகும்மட்டும் அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

தீக்கு முன்பே இரண்டு சகோதரிகள், அவருக்கு ஆவியின் வல்லமை வேண்டுமென்று ஜெபித்து வந்தார்கள். முதலில் அவருக்கு அது பிடிக்கலை. பிறகு அவரே அழுது கேட்க ஆரம்பித்தார். எரிந்த சபையைக் கட்டப் பணம் திரட்ட நியூயார்க் போனார்; மனசோ வசூலில் நிற்கவில்லை. அங்கேதான் அபிஷேகம் இறங்கியது. அப்புறமும் பிரசங்கம் என்னவோ பழையதுதான். மனந்திரும்பினவர்கள் நூறு நூறாய்!

1899 நவம்பரில் கான்சாஸ் சிட்டியில் கடைசிக் கூட்டம். அன்றைக்கும் அவர் யாருக்கும் தவணை கொடுக்கவில்லை. டிசம்பர் 22-ல் கர்த்தரண்டை போனார்.