உழவர் உயிர் காத்த ஹாரி பெர்குசன்

எங்கள் திருவாடானை வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆவணி, புரட்டாசி மாதங்களில் புழுதி உழவு செய்து, மழையை நம்பி நெல் விதைப்பார்கள். ஒன்பது கொழுக் கலப்பையைப் பின்னால் தூக்கிக்கொண்டு டிராக்டர்கள் வரப்பைக் கடந்து செல்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கலப்பை டிராக்டரோடு எவ்வாறு இணைந்திருக்கிறது என்று உற்றுப் பார்த்தவர் நம்மில் சிலரே. அந்த இணைப்பை உலகுக்கு அளித்தவர் ஹாரி பெர்குசன் ஆவார்.

இவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். உடன்பிறந்தவர்கள் பலர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வயலில் இறங்கினார். 1902-இல் பெல்பாஸ்ட் நகரில் தம் அண்ணனின் பட்டறையில் சேர்ந்தார். தாமே விமானம் ஒன்றைக் கட்டி, 1909 டிசம்பர் 31-இல் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்து காட்டினார்.

முதல் உலகப் போரின்போது உணவுப் பஞ்சம் அச்சுறுத்தியது. டிராக்டர்களின் உழைப்பைப் பெருக்கும் பொறுப்பை 1917-இல் அரசு இவரிடம் ஒப்படைத்தது. அக்காலத்தில் கலப்பையைச் சங்கிலியால் மாட்டி வண்டிபோல் இழுத்தார்கள். கொழு கல்லிலோ வேரிலோ சிக்கினால், டிராக்டரின் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழும். ஓட்டியவர் அடியில் நசுங்கி இறந்தார். கண்டவர்கள் விதி என்று சொல்லி விலகினர். பெர்குசனோ குற்றம் இணைப்பில்தான் என்று கண்டார்.

தம் உதவியாளர் வில்லியம் சாண்ட்ஸுடன் பல ஆண்டுகள் உழைத்து, கலப்பையின் சட்டத்தை மூன்று முனைகளில் டிராக்டரோடு பிணைத்தார். கீழே இரண்டு கைகள் இழுக்கும். மேலே உள்ள ஒற்றைக் கை, மண்ணின் எதிர்ப்பால் முன்னோக்கித் தள்ளி டிராக்டரின் மூக்கை அமுக்கி வைக்கும். கலப்பையின் பாரம் பின்சக்கரங்களில் இறங்குவதால், எடை குறைந்த டிராக்டரும் வழுக்காமல் உழும். எண்ணெய் அழுத்தத்தால் கலப்பை தானே ஏறி இறங்கும். கவிழும் ஆபத்து வெகுவாகக் குறைந்தது.

1938-இல் அமெரிக்காவில் ஹென்றி போர்டு இதைப் பார்த்து வியந்து கைகுலுக்கினார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. மறு ஆண்டே புதிய டிராக்டர் வெளிவந்தது. ஆனால் 1947-இல் போர்டின் பேரன் அந்த உறவை முறித்தார். பெர்குசன் வழக்குத் தொடுத்தார். 1952-இல் 92.5 இலட்சம் டாலர் கிடைத்தது. அவர் கேட்டதோ பன்மடங்கு.

மனம் தளராத அவர், 1946 முதல் இங்கிலாந்தில் தயாரான தம் சிறிய சாம்பல்நிற டிராக்டரைப் பரப்பினார். 1956-க்குள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் விற்றன. எவரெஸ்ட் வீரர் ஹிலாரி 1958-இல் தென்துருவம் சென்றதும் பெர்குசன் டிராக்டர்களில்தான்.

1960 அக்டோபர் 25-இல் பெர்குசன் மறைந்தார். அதே ஆண்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தோன்றி, பின்னர் அவர் பெயர் தாங்கிய டிராக்டர்களைத் தயாரித்தது. இன்று கொழுக் கலப்பை, சட்டிக் கலப்பை, விதைக்கும் கருவி எல்லாம் அந்த மூன்று முனைகளிலேயே மாட்டப்படுகின்றன.

பெற்றோரே, ஒன்று நினைவிருக்கட்டும். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கும்போது டிராக்டரில் உயரமான இடத்தில் சங்கிலியைக் கட்டினால் அந்தப் பழைய ஆபத்து திரும்ப வரும். இழுப்பதற்கென்று கீழே உள்ள கொக்கியிலேயே கட்டச் சொல்லுங்கள்.

தோழியரே! இறைவன் தந்த தாலந்தைப் புதைத்து வைக்காமல், பிறர் துன்பம் கண்ட இடத்தில் அதைச் செலவிட்டார் பெர்குசன். நம் கண்முன் நடக்கும் துன்பங்களை விதியென்று விட்டுவிடாமல், ஏன் என்று கேட்கக் கற்போம்.