சொல்லின் வேரைத் தேடிய துறவி



செபிப்பதற்கு முழந்தாளிடுவோர் உண்டு. பழைய ஏடுகளின் முன் அமர்ந்து உண்மையைத் தேடுவதையும் செபமாக்கிக்கொண்ட குரு ஒருவர் நம் யாழ்ப்பாண மண்ணில் வாழ்ந்தார். அவரே நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

1875ஆம் ஆண்டு மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயார் தங்கமுத்து அச்சுவேலியைச் சேர்ந்த கத்தோலிக்கரான தம்பிமுத்துப்பிள்ளையை மறுமணம் செய்தார். அச்சகம் நடத்திவந்த அவரது இல்லத்தில் அச்செழுத்துகளின் நடுவே வளர்ந்த சிறுவன், திருமுழுக்குப் பெற்று ஞானப்பிரகாசன் ஆனான். இழப்பின் வழியாகவும் இறைவன் ஒருவரை வழிநடத்துகிறார் என்பதற்கு இவ்வாழ்வு சான்றாகும்.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் பயின்றபின், புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞர் பதவி கிடைத்தது. அக்காலத்தில் அரச உத்தியோகம் பெருமதிப்புக்குரியது. ஆயினும் சில ஆண்டுகளில் அதைத் துறந்து, அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்து, 1901ஆம் ஆண்டு குருவானார்.

நல்லூரை மையமாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று மறையுரை ஆற்றினார். பல ஆலயங்களை எழுப்பினார். இப்பணிகளுக்கிடையே இலத்தீன், போர்த்துக்கேயம், வடமொழி, சிங்களம் எனப் பல மொழிகளைக் கற்றார். அம்மொழிகளின் துணையால் நாட்டின் கடந்த காலத்தைத் துருவி ஆராய்ந்தார். 1920இல் போர்த்துக்கேயர் கால யாழ்ப்பாண அரசர் பற்றியும், 1924இல் இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையின் வரலாறு பற்றியும் ஆங்கிலத்தில் நூல்கள் வெளியிட்டார். 1928இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனத்தில், வழிவழி வந்த கதைகளைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டு, எவை வரலாறு, எவை புனைவு எனப் பிரித்தறிய முயன்றார். சைவர்களோடு சமய வாதங்கள் புரிந்தவர் அவர். எனினும் சைவ சித்தாந்தத்தை ஆழ்ந்து கற்ற பின்னரே அதைப் பற்றி எழுதினார். பிறருடைய நம்பிக்கையை அறியாமலே பழிக்கும் நமக்கு இது நல்ல பாடமன்றோ?

அவரது பெருங்கனவு சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி. தமிழ்ச் சொற்கள் சிற்சில மூல அடிகளிலிருந்து கிளைத்தவை என்றும், அவ்வடிகள் ஐரோப்பிய மொழிகளோடும் உறவுடையவை என்றும் அவர் கருதினார். இம்முடிவுகள் அனைத்தையும் இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்து வேர்காணும் அவரது பொறுமையை எவரும் மறுக்கவியலாது. அகராதி 1938 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது; முற்றுப்பெறவில்லை. 1947 சனவரி 22ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அப்பணியைத் தொடர்ந்தவர் அவருடைய மாணவர் தாவீது அடிகளார். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் அவர் உயிர்நீத்தார். அகராதி இரண்டாம் முறையும் அரைகுறையாக நின்றது.

அப்படியானால் இவ்விருவரின் உழைப்பும் வீணா? இல்லை, அன்பர்களே. விதைப்பவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்று நம் ஆண்டவர் கற்பித்தார் அல்லவா? முடித்து வைப்பது இறைவனின் செயல். நேர்மையோடு உழைப்பதே நம் கடமை.

இன்று நம் குடும்பங்கள் பல நாடுகளில் சிதறி வாழ்கின்றன. தாத்தா பாட்டியின் செபத்தைப் பேரப்பிள்ளைகள் விளங்கிக்கொள்ள இயலாத இல்லங்களும் உண்டு. எனவே இவ்வாரம் குடும்பச் செபம் முடிந்ததும், அதில் வரும் ஒரு சொல்லையேனும் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அருள், இரக்கம், மீட்பு என ஒவ்வொரு சொல்லாக அவர்கள் உள்ளத்தில் ஊன்றட்டும்.

உண்மையைத் தேடும் ஆர்வத்தையும், முடியாத பணியை உமது கையில் ஒப்படைக்கும் தாழ்ச்சியையும் எங்களுக்குத் தாரும் ஆண்டவரே. ஆமென்.