கைத்தொழிலால் உயர்ந்த பால் ரிவியர்



அமெரிக்க விடுதலைப் போரைப் படித்தவர்கள் பால் ரிவியரை மறக்க மாட்டார்கள். ஓர் இரவு குதிரையேறிப் போய் ஊரை எழுப்பியவர் என்றுதான் பலருக்கும் அவரைத் தெரியும். அந்த ஓர் இரவு போக, 83 வயது வரை அவர் எப்படி வாழ்ந்தார் என்பதுதான் நமக்குப் பாடம்.

அவருடைய தந்தை பிரான்சு நாட்டுக்காரர். 13 வயதில் கப்பலேறி போஸ்டன் நகருக்கு வந்து, வெள்ளி வேலை செய்யும் தட்டார் ஒருவரிடம் தொழில் பழகினார். அவருடைய பிரெஞ்சுப் பெயர் ஊர்க்காரர் வாயில் நுழையவில்லை. அதனால் ரிவியர் என்று மாற்றிக்கொண்டார். கிராணி எழுதியதே பெயராகிப் போன நம் தாத்தா பாட்டிமாருக்கு இது புதுமையில்லை.

பால் 1734-ஆம் ஆண்டுக் கடைசியில் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரிந்ததும் தந்தையின் பட்டறையில் சுத்தியல் பிடித்தார். 1754-இல் தந்தை காலமானார். 19 வயதுப் பிள்ளையின் தலையில் குடும்பப் பாரம் விழுந்தது. 1756-இல் பிரெஞ்சுக்காரரை எதிர்த்த போருக்குப் பீரங்கிப் படையில் போய் வந்தார். மறு ஆண்டு சாராவை மணந்தார்.

வெள்ளிக் கிண்ணம், கரண்டி, தேநீர்ச் சாடி எல்லாம் அவர் கையில் அழகாக உருவாயின. வியாபாரம் மந்தமானால் சும்மா உட்காரவில்லை. செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்சிட்டார், பொய்ப்பல்லும் கட்டினார். 1773-இல் எட்டுப் பிள்ளைகளைப் பெற்ற சாரா இறந்துபோனார். அதே ஆண்டில் ரேச்சலை மணந்தார். அவருக்கும் எட்டுப் பிள்ளைகள். பதினாறில் ஐந்து சிறு வயதிலேயே மறைந்த துயரத்தையும் அவர் தாங்கினார்.

அப்போது அமெரிக்கா பிரிட்டிஷார் ஆட்சியில் இருந்தது. 1775 ஏப்ரல் 18 இரவு, பட்டாளம் புறப்படுகிறது என்ற செய்தியைத் தலைவர்களுக்குச் சொல்லும்படி டாக்டர் ஜோசப் வாரன் அவரை அனுப்பினார். பால் படகில் ஆற்றைக் கடந்தார். இரவல் குதிரையில் லெக்சிங்டன் போய்ச் செய்தியைச் சொன்னார். அதற்கு அப்பால் போகும்போது எதிரிகளிடம் பிடிபட்டார். அவர்கள் குதிரையைப் பிடுங்கிக்கொண்டு விட்டார்கள். நடந்தே லெக்சிங்டன் திரும்பினார்.

இரண்டு மாதத்தில் வாரன் போரில் மடிந்தார். மறு ஆண்டு உடலைத் தோண்டி எடுத்தபோது அடையாளம் தெரியவில்லை. தாம் கம்பி வைத்துக் கட்டிய பல்லைப் பார்த்துத்தான் பால் நண்பரை அடையாளம் சொன்னார். 1777-இல் பிறந்த மகனுக்கு ஜோசப் வாரன் என்றே பெயர் வைத்தார்.

1779-இல் அவர் போன ஒரு கடற்படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை, கோழை என்று அவர்மேல் பழி விழுந்தது. வேறு ஒருவராயிருந்தால் ஊர் மறக்கட்டும் என்று இருந்திருப்பார். பால் அப்படி விடவில்லை. தம்மை விசாரிக்கும்படி தாமே பலமுறை மனுப் போட்டார். 1782-இல் இராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. பிள்ளைகளுக்குச் சொத்தைவிட நல்ல பெயர் பெரிது அல்லவா?

போர் முடிந்தது, உழைப்பு முடியவில்லை. வார்ப்பட்டறை வைத்து 1792-இல் தேவாலய மணி வார்த்தார். முதல் மணியின் ஓசை இனிமையாக வரவில்லை. ஆனாலும் விடாமல் வார்த்து வார்த்துப் பழகினார். 1801-இல், 66 வயதில், சேமிப்பையும் அரசாங்கக் கடனையும் போட்டுச் செப்புத் தகடு உருட்டும் ஆலை தொடங்கினார். 1802-இல் போஸ்டன் அரசாங்க மாளிகையின் குவிமாடத்தை அந்தத் தகடு மூடியது. 1811-இல் தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். நண்பரின் பெயர் தாங்கிய ஜோசப் வாரன்தான் பிறகு அதை நடத்தினார். 1818 மே 10-இல் பால் கண்மூடினார்.

அவர் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேலான பிறகு, 1861-இல் வெளிவந்த லாங்ஃபெலோவின் கவிதைதான் அந்தக் குதிரைச் சவாரியை நாடறியச் செய்தது. அந்தப் பாட்டு வரும் முன்பே அவர் வார்த்த மணிகள் பல ஊர்களில் ஒலித்துக்கொண்டிருந்தன.

மாணவமணிகளே! பரிசு வாங்கியவர்கள் மேலும் படியுங்கள். வாங்காதவர்கள் தலை குனிய வேண்டாம். கைத்தொழில் கற்பதும் கல்விதான். பெற்றோர்களே, பிள்ளை தச்சு வேலையோ பட்டறை வேலையோ பழக ஆசைப்பட்டால் மட்டமாக எண்ணாதீர்கள். எந்த வேலையானாலும் நன்றாகக் கற்று நேர்மையாகச் செய்கிற கை ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும்.