பாரதியை வளர்த்த இரு வீடுகள்

பெற்றோர் வளர்க்கும் முறைக்கும், பிள்ளைகள் கல்லூரிப் பருவத்தில் கொள்ளும் குணத்திற்கும் தொடர்பு உண்டா? உளவியலார் ஆராயும் இக்கேள்விக்கு மகாகவி பாரதியாரின் இளமை வாழ்வு விடை பகர்கிறது.

1882 டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பையா, ஐந்து வயதிலேயே தாயை இழந்தார். தந்தை சின்னசாமி ஐயர் கணிதத்திலும் இயந்திர நுட்பத்திலும் நாட்டம் மிக்கவர். மகனும் ஆங்கிலமும் கணக்கும் கற்று உயர வேண்டுமென்று விரும்பினார். தெருப் பிள்ளைகளோடு விளையாடவும் அவனை விடவில்லை. அவர் அன்பில்லாதவர் அல்லர். கண்டிப்பே அன்பு என்று நம்பியவர். தனிமையில் வாடிய சிறுவன் தமிழ்க் கவிதையைத் துணையாகக் கொண்டான். பதினோராம் வயதில் 'பாரதி' என்ற பட்டமும் பெற்றான். அந்த இளமை ஏக்கத்தை 1910இல் வெளிவந்த அவருடைய சுயசரிதைப் பாடலில் காணலாம்.

1898இல், தொழிலில் பொருளிழந்து நொந்த தந்தை மறைந்தார். காசியில் வாழ்ந்த அத்தை குப்பம்மாளும் அவர் கணவர் கிருஷ்ண சிவனும் பாரதியை ஏற்றுக்கொண்டனர். அங்கே கற்று அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். குடுமியைக் களைந்தார்; மீசையும் தலைப்பாகையும் வைத்தார். ஆசாரசீலரான கிருஷ்ண சிவன் சினந்தாரேயன்றி வீட்டைவிட்டு விலக்கவில்லை. ஒரு திருவாதிரை நாளில் ஓதுவார் வராதபோது பாரதி திருவெம்பாவை பாட, அவர் சினம் கரைந்தது என்பர்.

அமெரிக்க உளவியலறிஞர் டயானா பாம்ரிண்ட் 1966இல் வளர்ப்பு முறைகளை மூவகையாகப் பிரித்தார்: அடக்கி ஆளுதல், விருப்பம்போல் விடுதல், அன்போடு நெறிப்படுத்துதல். மூன்றாவதே தன்னம்பிக்கையும் பொறுப்பும் தரும் என்பது அவர் கருத்து. காசி வீடு அதனை நெருங்கி நின்றது.

தந்தை புகட்டிய ஆங்கிலம் பாரதிக்கு ஷெல்லியை அறிமுகம் செய்தது. அத்தை வீடு அவருடைய துணிவுக்கு இடம் தந்தது. அத்துணிவோடுதான் அவர் 'இந்தியா' இதழை நடத்தினார். 1918இல் நம் கடலூர்ச் சிறையிலும் இருந்தார். விளையாட்டு மறுக்கப்பட்ட அவர், குழந்தைகளுக்குப் பாடியபோது விளையாட்டையே முதலில் வைத்தார். 1921இல் அவர் மறைந்தபின், மகளிர் இருவரும் தந்தையைப் பற்றி அன்போடு நூல்கள் எழுதினர்.

லால்பேட்டைக் கொடிக்கால்களில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு இறுக்கியும் கட்டமாட்டார்கள், கட்டாமலும் விடமாட்டார்கள். நம்மை வளர்ப்போரும், நாளை பெற்றோராகப் போகும் நாமும் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே.