நீரிலிட்டு நிறைகண்ட அல்பிரூனி

வளவனூர் ஏரியில் விறகுக் கட்டை மிதப்பதையும் கூழாங்கல் மூழ்குவதையும் சிறுவரும் அறிவர். கனமானது மூழ்கும் என்று விடை கூறி நாம் அமைதியடைந்து விடுகிறோம். கல்லைவிடக் கட்டை கனமாயிருந்தும் மிதக்கின்றதே! ஒரு பொருள், தன் பருமனளவு நீரைக் காட்டிலும் எடை மிக்கதா என்பதே வினா. கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் கண்ட இவ்வுண்மையின் வழிநின்று, பொருள்களை நிறுத்து எண்களாக்கித் தந்தவர்களுள் தலையாயவர் அபூரைஹான் அல்பிரூனி ஆவார்.

கி.பி. 973-ஆம் ஆண்டு குவாரிசம் நாட்டுக் காத் நகரையொட்டிப் பிறந்தவர் இவர். 1017-இல் கஜினி மகமூது அந்நாட்டை வென்றபோது, அறிஞர் சிலரோடு இவரும் கஜினிக்குக் கொண்டு செல்லப்பட்டார். விருந்தினராகவா, சிறையாளராகவா என்பது இன்றும் வழக்கிலுள்ள வினா. மகமூதின் படை திறந்த வழியே இந்திய மண்ணை மிதித்தவர், பண்டிதர்பால் அமர்ந்து வடமொழி கற்றார். மகமூது மறைந்த 1030-ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றிய பெருநூலை முடித்தார். அப்படையெடுப்புகள் இந்நாட்டின் வளத்தைக் குலைத்ததையும், மக்கள் உள்ளத்தில் ஆறாப் பகையை விதைத்ததையும் அதில் மறையாது எழுதினார். மகமூதின் மைந்தரே அரியணைக்கு உரியோராயிருந்த காலத்தில் எழுதியது இது என்பதை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நிறுப்பதிலும் அவர் அவ்வாறே. அவர் அமைத்தது கூம்பு வடிவக் கலம், குறுகிய கழுத்து, பக்கத்தே வளைந்த குழாய். குழாய் மட்டம்வரை நீர் நிரப்பி, முன்னரே நிறுத்த பொன்னை உள்ளே இடுவார். பொன்னின் பருமனளவு நீர் வழிந்து தட்டில் விழும். அந்நீரின் எடையால் பொன்னின் எடையை வகுப்பின் கிடைப்பதே இன்று நாம் ஒப்படர்த்தி என்பது. கழுத்து குறுகியிருப்பதற்குக் காரணம் உண்டு. அகன்ற வாயில் சிறு மணியொன்று நீர்மட்டத்தை உயர்த்துவது புலப்படாது; ஒடுங்கிய வாயிலோ உடனே தெரியும்.

இவ்வாறு உலோகங்களும் மணிகளுமாகப் பதினெட்டுப் பொருள்களை ஆய்ந்தார். பாதரசம், ஈயம் ஆகியவற்றுக்கு அவர் கண்ட அளவுகள் இன்றைய 13.6, 11.3 என்பவற்றுக்கு மிக அணித்தானவை. இவ்வெண்களை அறிந்தவர்க்கு, நீரில் மூழ்கும் இரும்பு (7.8) பாதரசத்தில் மிதப்பதும், பொன் (19.3) அதிலும் மூழ்குவதும் வியப்பாகா. பொற்கொல்லர்க்கும் இது பயன்தரும். வெள்ளி (10.5) கலந்த பொன், அதே எடையுள்ள தூய பொன்னைவிட மிகுதியான நீரை வெளியேற்றிக் காட்டிக் கொடுத்துவிடும்.

மணிகளையும் உலோகங்களையும் பற்றித் தனிநூலொன்றை முதுமையில் இயற்றிய அல்பிரூனி, 1048-ஐ ஒட்டிக் கஜினியிலேயே மறைந்தார். 1121-இல் அல்காசினி என்பார் தமது ஞானத் துலாக்கோல் என்னும் நூலில் அந்த நீர்க்கலத்தையும் அளவுகளையும் எடுத்தெழுதி வைத்தார்.